கோப்பில் இருந்தவன்

தான் செய்த காரியம் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று தேவநாயகம் முப்பத்தெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். ஒன்று ஆண்டவர். மற்றது டென்மார்க் அரசாங்கம். இரண்டு பேரிடமும் வாய்விட்டுச் சொன்னார், இரண்டு பேரும் மன்னித்தார்கள், பிறகு மூன்றாவது ஆளிடம் எதற்காக வாயைத் திறக்க வேண்டும்? மனைவி தேவமலருக்குக்கூடச் சொல்லவில்லை. கலியாணம் கட்டி முப்பது வருடமாகிறது. அவ்வளவு அழுத்தமான மனுசன்.

டென்மார்க்கில் அவர் குடியிருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவில் அவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை, ஞாயிறு தவறாமல் சபை, எந்தச் செத்தவீடென்றாலும் கதிரை அடுக்க முதல் ஆளாய் வந்து நிற்பார். சத்தம் போட்டு ஒருவரையும் ஏசியது கிடையாது. அப்படிப்பட்டவரின் ஒரே மகன் ஜெரோஷன் ஒரு சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு கடுதாசியை விரித்து வைத்து, "எது நல்லது, அப்பா?" என்று கேட்டான். அதிலிருந்துதான் எல்லாம் குழம்பத் தொடங்கியது.

ஜெரோஷனுக்கு இருபத்தேழு வயது. மின்சார வேலை செய்கிறவன், ரவுனுக்குள் தனியாக ஒரு ஃப்ளட்டில் இருக்கிறான். தகப்பனோடு அவன் பேசுவதெல்லாம் டேனிஷ். தகப்பன் அவனோடு பேசுவதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழ். மற்றவர் சொல்வது இருவருக்கும் நன்றாக விளங்கும். திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது. வீட்டில் இருபத்தேழு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. அவன் பேச்சு இங்கே தமிழில் வருவது வாசிக்கிறவர்களின் வசதிக்காக.

கடுதாசியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இரண்டு பக்கமும் இரண்டு பிஸ்டல்களின் பெயர். பெயர்களுக்குக் கீழே நீளம், பாரம், விசை, குறி, ரவை என்று வரிசையாக எழுதியிருந்தான்.

தேவநாயகத்தின் கையில் இருந்த கோப்பிக் கோப்பை மேசைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"உதென்ன கறுமம்?"

"நான் சுடும் கழகத்தில் இருக்கிறேன் என்று தெரியும்தானே? இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இரண்டு வருடம் ஒழுங்காகப் போனால்தான் சொந்தமாக ஒன்று வாங்கப் பொலிஸ் அனுமதி தருவார்கள். நான் இனிக் கேட்கலாம்."

"கழகத்தின்ரையை வைச்சே சுடன்."

"எத்தனை பேர் பிடிக்கிற பிடி அது! எனக்கென்று ஒன்று வேண்டாமா?" என்றவன் கொஞ்சம் குரலைத் தணித்தான். "பூட்டுப் பெட்டியைச் சுவரில் இறுக்க என் ஃப்ளட்காரர்கள் விடுகிறார்கள் இல்லை. இங்கே, உடுப்புத் தோய்க்கிற அறையில் வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன்."

பன்னிரண்டு வயதில் இவனுக்குத் தண்ணீர் துவக்குக்கூட வாங்கிக் கொடுக்காத மனுசன் தேவநாயகம். அப்போது தேவமலர், "உங்களுக்கென்ன விசரே? தண்ணிதானே அடிக்கிறான்" என்று சண்டை பிடித்தாள். அந்தப் பிள்ளை இப்போது உண்மையான பிஸ்டலோடு வருகிறேன் என்கிறான். தேவநாயகம் எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினார். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினார்.

"என்னோடு கடைக்கு மட்டும் வாருங்கள். ஒருமுறை பார்த்தால் பயம் போய்விடும்," என்றான் ஜெரோஷன். தகப்பனுக்குப் பயம் என்று அவன் நினைத்ததில் பிழையில்லை. எதற்குப் பயம் என்பதில்தான் பிழை.

*

விபோர்க்குக்குப் போகிற வழியில் ஒரு பண்ணைவீட்டு மாட்டுத் தொழுவத்தைத் திருத்திக் கடையாக்கி வைத்திருந்தார் கெல்ட் என்ற டேனிஷ்காரர். சுவர் நிறைய வேட்டைத் துவக்குகள். பச்சைத் துணி விரித்த மேசையில் இரண்டு பிஸ்டல்களையும் எடுத்து வைத்து, பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொன்றின் குணத்தையும் ஆறுதலாகச் சொன்னார்.

நீளமானது இத்தாலியில் செய்தது. இருபத்திரண்டு கலிபர். பிடி மரத்தில், கையின் அச்சுக்குக் குடைந்து, பெருவிரலுக்குத் தனியாக ஒரு தட்டு வைத்திருந்தது. "இது இருபத்தைந்து மீற்றரில் உள்ள கறுப்பு வட்டத்துக்கென்றே பிறந்தது. வேறு ஒன்றுக்கும் உதவாது. இதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் காற்சட்டை கழன்று விழும்," என்று கெல்ட் தானே சொல்லித் தானே சிரித்தார். "குறியை ஆணி திருகித் திருத்தலாம். விசை ஒரே ஒரு கிலோ. விரல் நினைத்தால் போதும், வெடித்துவிடும்."

கட்டையானது ஆஸ்திரியாவில் செய்தது. ஒன்பது மில்லிமீற்றர். கறுப்புப் பிளாஸ்ரிக் உடம்பு.

"இது கொண்டு திரிவதற்கென்று செய்த சாதி. பொலிசைத் தவிர இந்த நாட்டில் யாரும் கொண்டு திரிய முடியாது. சுடும் கூடத்தில் சுடலாம், திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பூட்டலாம், அவ்வளவுதான். ஆனால் செய்தவன் என்ன யோசித்துச் செய்திருக்கிறான் என்று பாருங்கள். ஒரு கூரான மூலை கிடையாது, துணியில் மாட்டாது. குறி அசையாது, ஏனென்றால் கிட்ட நின்று சுடுகிறவனுக்குக் குறி தேவையில்லை. விசை இரண்டரைக் கிலோ. ஏன் அவ்வளவு கனம்? உடம்போடு ஒட்டிக்கொண்டு திரிகிற சாமான், தவறி வெடித்துவிடக் கூடாது. நினைத்துத்தான் இழுக்க வேண்டும்."

"ஓம்," என்றார் தேவநாயகம் தமிழில், ஒருவருக்கும் கேட்காமல். "நினைச்சுத்தான் இழுக்கோணும்."

ஜெரோஷன் இரண்டையும் மாறி மாறிப் பிடித்துச் சுவரில் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டைக் குறிபார்த்தான். நீளமானது ஆடாமல் நிற்கிறது என்றான். ஆனால் கட்டையானதில்தான் மனம் நிற்கிறது, உதைப்பதைக் கட்டுப்படுத்திச் சுடுவதில்தான் சுவை இருக்கிறது என்றான். பிறகு விளையாட்டாக, "நீங்களும் பிடித்துப் பாருங்கள்," என்று கட்டையானதை நீட்டினான்.

வேண்டாம் என்றிருக்கலாம். ஏனோ கையை நீட்டினார் தேவநாயகம்.

நீட்டினது மட்டும்தான் அவர். மீதியை அந்தக் கை தன்பாட்டில் செய்தது. ரவைக்கூட்டைக் கழற்றி, மேல்பகுதியை இழுத்து உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்து, விட்டு, கூட்டைத் திரும்பப் பொருத்தி, ஜக்கெற்றை இடது கையால் ஒதுக்கித் தொப்புளுக்குக் கீழே காற்சட்டைக்குள் செருகி, ஜக்கெற்றை மூடிவிட்டது. பிறகு இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார், பஸ்சுக்குக் காத்திருக்கிற ஒரு ஆளைப் போல.

கெல்ட் ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஐயா, இந்த நாட்டில் அதற்கு அனுமதியில்லை," என்று பெரிதாகச் சிரித்தார். தேவநாயகம் பிஸ்டலை எடுத்து மேசையில் வைத்தார்.

காரில் ஏறியதும் ஜெரோஷன் கேட்டான். "எங்கே பழகினீர்கள்?"

"படத்திலை பாத்தனான்."

"படம் பார்த்தவன் அப்படிச் செய்யமாட்டான், அப்பா."

தேவநாயகம் கண்ணாடியால் வெளியே பார்த்தார். அறுத்து முடிந்த வயல்கள், காற்றாடிகள், ஒரு பிள்ளையுமில்லாத பஸ் தரிப்பு. "வாங்கிறதெண்டால் அந்த நீளமானதை வாங்கு," என்றார்.

"ஏன்?"

"அது ஒளிக்கேலாது. இருபத்தைஞ்சு மீற்றரிலை நிண்டு சுடுறது, கடுதாசிக்குச் சுடுறது. மற்றது வேண்டாம்."

"இது ஒரு காரணமா? சரியான காரணம் ஒன்று சொல்லுங்கள், நீளமானதையே வாங்குகிறேன்."

சரியான காரணம் அவரிடம் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. அதனால் வாயில் வந்த வேறொன்றைச் சொன்னார்.

"எதை வாங்கினாலும் எங்கடை வீட்டிலை வைக்கப் பொலிஸ் விடாது. என்ரை ஃபைல் அவங்களிட்டை இருக்கு."

"என்ன ஃபைல்?"

"நான் வந்த நேரம் விசாரிச்ச ஃபைல். எல்லாம் அதிலை இருக்கு. நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை, எல்லாத்தையும் சொன்னனான்."

ஜெரோஷன் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பிறகு மின்சாரம் பார்க்கிறவனின் மூளை வேலை செய்தது: எங்கே பிழை என்று தெரியாவிட்டால் கம்பியைத் திறந்து பார்க்க வேண்டும். "நல்லது. அந்தக் கோப்பின் பிரதியைக் கேட்போம். அது உங்கள் உரிமை. கடையில் எனக்குப் பிடித்த கட்டையானதுக்கே அனுமதியும் கேட்கிறேன். என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்." தகப்பனின் டிஜிட்டல் தபால் பெட்டியைத் திறந்து, அவர் பெயரில் ஒரு கடிதம் எழுதி, அவரையே அழுத்த வைத்து அனுப்பினான். தேவநாயகம் மறுக்கவில்லை. தன் வாயால் சொல்ல முடியாததை அந்தக் கோப்பு மகனுக்குச் சொல்லட்டும் என்று ஒரு கோழைத்தனமான ஆறுதல் அவருக்குள் இருந்தது.

*

முதலில் வந்தது பொலிஸின் பதில். அனுமதி கிடைத்துவிட்டது. ஒன்பது மில்லிமீற்றர், வைக்கிற இடம் ஹொல்ஸ்டெப்ரோவில் பெற்றோர் வீடு, பூட்டுப் பெட்டி சுவரில் இறுக்கப்பட வேண்டும்.

ஜெரோஷன் துள்ளிக்கொண்டு வந்து பெட்டியை இறுக்கினான். தேவநாயகம் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோய்க்கிற அறை வாசலில் நின்றார். கண்ணீர் ஓடியது. மகன் பயந்துபோய் ட்ரில்லை நிறுத்தினான்.

"ஒண்டுமில்லையடா. நல்ல சனம். நல்ல சனம் இது."

அவர் கணக்கு வேறு. இப்படிப்பட்டவனின் வீட்டுக்குள்ளே இப்படிப்பட்ட சாமானை வைக்க விடுகிறார்கள் என்றால், எவ்வளவு முழுதாக மன்னித்திருக்க வேண்டும்!

அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழும்பினார். பெந்தெகொஸ்தே சபைகளில் ஒவ்வொருவரும் எழும்பித் தனக்கு ஆண்டவர் செய்ததைச் சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். தேவநாயகம் எப்போதும் சொல்வது ஒரே சாட்சிதான், அன்றைக்கும் அதையே சொன்னார். "குற்றவாளியாய் இந்த நாட்டுக்கு வந்தனான். அதிகாரிக்கு முன்னாலை இருந்து எல்லாத்தையும் சொன்னனான். அவர் எழுதினார். எழுதிப்போட்டு எனக்குக் கோப்பி ஊத்தித் தந்தார். பாவியைத் தள்ளாத ஆண்டவருக்குத் தோத்திரம்." எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். பக்கத்தில் இருந்த தேவமலர் கண்ணைத் துடைத்தாள். கள்ளப் பாஸ்போட்டில் வந்ததைத்தான் மனுசன் இப்படிப் பெரிதுபடுத்துகிறார் என்பது அவளுடைய முப்பது வருட முடிவு.

அந்தக் கோப்பியை அவர் மறந்த நாள் கிடையாது. எண்பத்தேழாம் ஆண்டு, கொப்பன்ஹேகனில் ஒரு சின்ன அறை. தட்டச்சு யந்திரத்தின் முன்னால் தடித்த கழுத்துள்ள ஒரு பொலிஸ்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த மெட்ராஸ்காரப் பெடியன், படிக்க வந்த இடத்தில் இந்த வேலையும் செய்கிறவன், சுவெற்றர் போட்டிருந்தான். தேவநாயகம் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிக்கொண்டே போனார். பெடியன் மெல்லிய குரலில் டேனிஷில் சொன்னான். பொலிஸ்காரர் இரண்டு விரலால் தட்டினார். சுட்டது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, இனி விலங்கு போடுவார்கள் என்று இரண்டு கையையும் மேசையில் வைத்தார். பொலிஸ்காரர் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, குளிருதாக்கும் என்று நினைத்திருக்க வேண்டும், கோப்பை ஒன்றில் கோப்பியை ஊற்றித் தள்ளிவிட்டார். சீனிக் கட்டி இரண்டு வைத்தார்.

அன்றைக்கு இருபத்திரண்டு வயதுத் தேவநாயகம் அந்தக் கோப்பியைக் குடித்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, அந்த அழுகையில்தான் அவர் திரும்ப மனிதரானார். அதற்குப் பிறகுதான் ஆண்டவர், சபை, கலியாணம், பிள்ளை எல்லாம்.

*

இரண்டு கிழமை கழித்துக் கோப்பு வந்தது. வியாழக்கிழமை பின்னேரம். தேவமலர் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். ஜெரோஷன் கணினியை அதே சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தான். பிஸ்டல்களை ஒப்பிட்டு எழுதிய கடுதாசி பக்கத்தில் கிடந்தது. கட்டையானதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். நாளைக்குக் கெல்ட்டிடம் போய் எடுத்துவருவது ஏற்பாடு.

பழைய தட்டச்சுப் பக்கங்கள், எழுத்துகள் மங்கலாக இருந்தன. தேவநாயகம் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்குப் போலவே கைகளை மேசையில் வைத்துக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிடத்தில் மகனுக்குத் தெரியப் போகிறது. பயமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கிடைத்த பாவம் அது. அதையும் சேர்த்துத்தானே வாசிக்கப் போகிறான் என்று தைரியமாகவும் இருந்தது.

ஜெரோஷன் வாசித்தான்.

"விண்ணப்பதாரர் தன் நண்பர் ஒருவரைப் பற்றிக் கூறுகிறார். நண்பரிடம் ஒரு சிறிய பிஸ்டல் கொடுக்கப்பட்டது. அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனான். கூட்டுறவுக் கடை ஒன்றின் மனேஜரை நெஞ்சில் இரண்டு தரம் சுட்டான். பிஸ்டலைக் கிணற்றில் எறிந்தான். மூன்று நாள் சாப்பிடவில்லை. விண்ணப்பதாரர் இதையெல்லாம் அறிந்திருந்தபடியால் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தார். விண்ணப்பதாரர் எந்த வன்செயலிலும் ஈடுபட்டவரல்ல."

"என்ன?" என்றார் தேவநாயகம்.

அவன் திரும்ப வாசித்தான்.

"ஆர் சுட்டதெண்டு போட்டிருக்கு?"

"ஹான்," என்றான் ஜெரோஷன். அவன் என்பதற்கு டேனிஷில் அதுதான் சொல். "ஹான். உங்கள் நண்பர்."

தேவநாயகத்துக்கு நண்பர் என்று அந்தக் கதையில் ஒருவரும் கிடையாது. கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு அந்த அறை, அந்தச் சுவெற்றர், தன் வாயில் இருந்து வந்த சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிஸ்டல் தந்தவை. சைக்கிளிலை போனனான். நெஞ்சிலை ரெண்டு தரம் சுட்டனான். கிணத்துக்கை எறிஞ்சனான். பேந்து ஓடிவந்திட்டன்.

யாழ்ப்பாணத்தான் "போனனான்" என்றால் நான் போனேன் என்று அர்த்தம். "சுட்டனான்" என்றால் நான் சுட்டேன். யாழ்ப்பாணத்தில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் பாவம், அந்த மெட்ராஸ்காரப் பெடியனுக்கு எப்படித் தெரியும்? அவன் ஊரில் "-ஆன்" என்று முடிந்தால் அது வேறொருவன். போனான், சுட்டான், எறிந்தான். "ஓடிவந்திட்டன்" என்ற ஒன்றைத்தான் நான் என்று சரியாகப் பிடித்திருக்கிறான். மற்றதையெல்லாம் செய்ய ஒருவன் வேண்டுமே. ஒரு நண்பனை உண்டாக்கிவிட்டான். நல்லெண்ணத்தோடு, மெல்லிய குரலில்.

ஐயோ. அப்படியென்றால் அந்தக் கோப்பி?

அது கொலைகாரனுக்கு ஊற்றின கோப்பி இல்லை. கொலையைப் பார்த்துப் பயந்த ஒரு பெடியனுக்கு, பாவம் பார்த்து ஊற்றின கோப்பி. ஒருவரும் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் அவர் தலைநிமிர்ந்து நடந்தது, சபையில் எழும்பி நின்றது, போன கிழமை தோய்க்கிற அறை வாசலில் அழுதது, எல்லாம் வேறு ஒருவனுக்குக் கிடைத்த தயவில். வாழ்க்கையில் இப்படி ஒரு தனிமையை அவர் அனுபவித்ததில்லை, அந்தக் கிணற்றடியில்கூட.

ஜெரோஷனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா! இதற்கா இவ்வளவு பயந்தீர்கள்? நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் வெறும் சாட்சி." சாட்சி என்பதை மட்டும் தமிழில் சொன்னான், தகப்பன் சபையில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல் என்பதால். "உண்மையைச் சொன்னால், கடையில் நீங்கள் அதைச் செருகினதைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரையே இல்லை. என்னென்னவோ யோசித்தேன். அந்த நண்பரிடம் பார்த்துப் பழகினீர்களா?"

தேவநாயகம் மேசையில் இருந்த தன் கைகளைப் பார்த்தார்.

"அவருக்கு என்ன நடந்தது? உயிரோடு இருக்கிறாரா?" ஜெரோஷன் திரையைத் திரும்பப் பார்த்தான். "மூன்று நாள் சாப்பிடவில்லையாம். பாவம். என்ன வயது இருக்கும்?"

"இருபத்தொண்டு."

"என்னைவிடச் சின்னவன்," என்றான் ஜெரோஷன். அவன் குரலில் இரக்கம் இருந்தது.

செத்துப்போனான் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. எத்தனையோ பேர் செத்தார்கள், அவனும் செத்தான். மகனின் முகத்தில் இந்த வெளிச்சம் அப்படியே இருக்கும். அரசாங்கக் கோப்பே சொல்கிறது, இனி யார் கேட்கப் போகிறார்கள்? சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் மகன் இரக்கப்பட்டது அவனுக்காக. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் அந்த இருபத்தொரு வயதுப் பெடியனுக்காகப் பாவம் என்கிறது. அதையும் கள்ளத்தனமாக வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

"அப்பிடி ஒரு ஃப்ரெண்ட் இல்லை, மோனை."

"இல்லையா? அப்போ யார் சுட்டது?"

தேவநாயகம் சொன்னார், அன்றைக்குச் சொன்ன அதே சொல்லை, ஒரு எழுத்து மாறாமல்.

"சுட்டனான்."

ஜெரோஷன் யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. தமிழில் எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் சொன்னனான், வந்தனான், பாத்தனான் என்று பிறந்த நாளில் இருந்து கேட்டு வளர்ந்த காது அவனுக்கு. அந்தக் காதை ஏமாற்ற முடியாது. அவன் முகம் வெளுத்தது. உதடு அசைந்து, தகப்பனோடு பேச வாய் வராத தமிழில் ஒரே ஒரு சொல் வந்தது, யாழ்ப்பாணத்தான் சொல்வது மாதிரியே சரியாக.

"சுட்டனீங்கள்?"

"ஓம்."

ஜெரோஷன் கதிரையைப் பின்னால் தள்ளினான், ஆனால் எழும்பவில்லை. டேனிஷில் கேட்டான். "அந்த ஆளின் பெயர் என்ன?"

இதை யாரும் கேட்டதில்லை. பொலிஸ்காரர் கேட்கவில்லை. ஆண்டவரும் கேட்கவில்லை.

"நவரத்தினம். சங்கக்கடை மனேஜர். ஆமிக்குத் தகவல் குடுக்கிறார் எண்டு இயக்கத்திலை சொன்னவை."

"கொடுத்தாரா?"

"தெரியாது. நான் கேக்கேல்லை." தேவநாயகத்தின் குரல் உடைந்தது. "சீனி வாங்க வந்த பெடியன் எண்டு நினைச்சிட்டார். 'தம்பிக்கு என்ன வேணும்?' எண்டு கேட்டவர். அந்தளவு கிட்ட நிண்டனான். அது பாரமான விசை, மோனை. தவறி வெடிக்கிற சாமானில்லை. நினைச்சுத்தான் இழுத்தனான்."

ஜெரோஷன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. எழும்பிப் போய் அவனைத் தொட வேண்டும் போல் இருந்தது தேவநாயகத்துக்கு. எந்தக் கையால் தொடுவது என்று தெரியாமல் அப்படியே இருந்தார்.

கடைசியில் அவரேதான் பேசினார். "உவங்களுக்கு ஒரு கடிதம் எழுது. பிழையாய் எழுதியிருக்கு எண்டு. ஹான் எண்டு இருக்கிற இடமெல்லாம் யாய் எண்டு திருத்தச் சொல்லு." யாய் என்றால் டேனிஷில் நான்.

"உங்களுக்கு விசரா, அப்பா? பிடித்து உள்ளே போடலாம். பாஸ்போர்ட்டைப் பறிக்கலாம். அம்மாவுக்கு என்ன சொல்வீர்கள்? முப்பத்தெட்டு வருடமாக ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை!"

"நான் சொன்னனான். அவங்களுக்குத்தான் கேக்கேல்லை. இண்டைக்குக் கொம்மா வேலையாலை வந்தோடனை அவவுக்கும் சொல்லுவன். நீ எழுது."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்கு ஜெரோஷன் பணிந்தான். கையில் அகப்பட்டது அந்த ஒப்பிட்டு எழுதின கடுதாசிதான். வட்டம் போட்ட பக்கத்தைக் கீழே திருப்பிவிட்டு, வெறும் பக்கத்தில் திகதி போட்டான். யாய் என்று எழுதினான். அங்கேயே பேனை நின்றது. அவனுடைய கையெழுத்து, அவனுடைய நான். அதற்குப் பக்கத்தில் அடுத்த சொல்லை வைக்க அவனால் முடியவில்லை.

"இதை நான் எழுத முடியாது," என்றான். பேனையைத் தகப்பன் பக்கம் உருட்டிவிட்டான்.

தேவநாயகம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மகன் எழுதிய யாய் என்ற சொல்லை வெட்டிவிட்டு, கீழே தன் கையால் அதை எழுதினார். தொழிற்சாலையில் படித்த டேனிஷ், விளங்கும், எழுத வராது. பேனை அந்தரத்தில் நின்றது.

"ஸ்கோத் எண்டு எப்பிடி எழுதிறது?" என்று கேட்டார். சுட்டேன் என்பதற்கு டேனிஷில் அந்தச் சொல்தான்.

ஜெரோஷன் கடுதாசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மடி என்று எழுதுகிற மாதிரித்தான், அப்பா. இரண்டுக்கும் அதே எழுத்துகள்."

மடிக்கும் டேனிஷில் ஸ்கோத் என்றுதான் சொல். அதை அவர்கள் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் எழுதப் படித்தார்கள். இவன் ஆறு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து தகப்பனின் மடியில் ஏறி இருந்து, "ஸ்கோத், அப்பா, நான் இருக்கிற இடம்" என்று தொடையில் தட்டித் தட்டி எழுதிக் காட்டினான். தேவநாயகத்துக்கு அது நினைவிருந்தது. எழுத்துத்தான் நினைவில்லை.

"ஒவ்வொண்டாய்ச் சொல்லு," என்றார்.

ஜெரோஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். தேவநாயகம் எழுதினார்.